சுவருக்குள் நான்கு ஸ்பீக்கர்

மினியாபோலிஸ் பக்கம்,
பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காலையில் மைனஸ் இருபத்தைந்து. மூக்குக்குள் ஈரம் உறைவது தெரியும் என்றால் நம்புவீர்களா?

போன ஞாயிறு போனில், வீட்டுச் சுவருக்குள் நானே ஸ்பீக்கர் பதித்த விஷயம் சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்குப் பாதி கேட்கவில்லை. நடுவில் அம்மா வாங்கி, "ஏதோ செவத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கானாம்" என்று உங்கள் காதில் கத்தி முடித்துவிட்டாள். ஓட்டை போட்டது உண்மைதான். ஆனால் நாற்பது வருஷம் மைக்செட் ஓட்டிய மனிதருக்கு இந்தக் கதையை ஒரு வரியில் சொன்னால் போதுமா? அதனால்தான் கடிதம்.

முதலில் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே சுவர் என்றால் நம் ஊர்ச் சுவர் இல்லை. செங்கல் இல்லை, சிமெண்ட் பூச்சு இல்லை. நெட்டுக்குத்தாக மரச்சட்டங்கள், அவற்றின் இரண்டு பக்கமும் அரை இஞ்ச் தடிமனில் ஜிப்சம் பலகை. இதை டிரைவால் என்கிறார்கள். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி, மேலே காகிதம். தட்டினால் டொம் டொம் என்று வெற்றுப் பெட்டி மாதிரி சத்தம் வரும். இந்த வீட்டை வாங்கிய புதிதில் ஆணி அடித்தேன், சுவர் ஆணியோடு கையில் வந்தது. சட்டங்களுக்கு 'இரண்டுக்கு நாலு' என்று பெயர், அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்தான் இருக்கிறது. பதினாறு இஞ்சுக்கு ஒரு சட்டம், அதனால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பதினான்கரை இஞ்ச் இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் ஸ்பீக்கர் உட்காருகிறது.

ஊரில் கன்சீல்ட் ஒயரிங் என்றால் சுவரில் காடி வெட்டி, பைப் புதைத்து, பூசி, ஒரு வாரம் வீடெல்லாம் தூசி. இங்கே ஒரு சின்ன ரம்பம் போதும். ஸ்பீக்கரோடு கூடவே ஒரு காகித அட்டை வருகிறது. அதைச் சுவரில் ஒட்டி, பென்சிலால் வரைந்து, வரைந்த கோட்டில் அறுக்கவேண்டியதுதான். ஸ்பீக்கரின் விளிம்புக்குப் பின்னால் நான்கைந்து பிளாஸ்டிக் காதுகள். முன்பக்கம் திருகைத் திருகினால் அந்தக் காதுகள் வெளிப்பக்கம் விரிந்து பலகையைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்கின்றன. ஆணியும் இல்லை, கிளாம்பும் இல்லை.

ஆள் வைத்துச் செய்ய விசாரித்தேன். நான்கு ஸ்பீக்கர் மாட்ட ஒருவர் சொன்ன கூலி, ஸ்பீக்கர் விலையைவிட அதிகம். "மைக்செட்காரர் மகன் இதற்கு ஆள் வைப்பதா" என்று உங்கள் மருமகளே கேட்டுவிட்டாள். அப்புறம் பின்வாங்க முடியுமா?

பக்கத்து வீட்டுப் பெரியவர் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். அறுப்பதற்கு முன்னால் நடுவில் ஒரு சின்னத் துளை போட்டு, சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுற்றவேண்டும். எதிலும் இடிக்காமல் முழு வட்டம் சுற்றினால் உள்ளே காலி என்று அர்த்தம். மூன்று இடத்தில் அப்படியே செய்தேன். நான்காவதில், கை பழகிவிட்டதே என்று நேராக ரம்பத்தைப் போட்டேன். பாதி அறுத்ததும் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குளியலறைக் காற்றுக் குழாய். நல்லவேளை, பல் படவில்லை. அந்த ஓட்டையை அடைக்க இரண்டு சாயங்காலம் போயிற்று. வெட்டிய துண்டையே திரும்ப வைத்து, காகித நாடா ஒட்டி, மேலே ஒரு பசை தடவித் தேய்க்கவேண்டும். அந்தப் பசைக்கு இங்கே 'மட்' என்று பெயர், அதாவது சேறு. வெளிச்சம் சாய்வாக விழும்போது இப்போதும் அந்த இடம் லேசாகப் புடைத்துத் தெரிகிறது. மருமகள் அங்கே ஒரு காலண்டர் மாட்டிவிட்டாள்.

பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் வடக்குச் சுவரில் வைப்பதாக முதலில் திட்டம். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். அது வெளிச்சுவர். அதற்குள் ரோஜா நிறத்தில் பஞ்சு அடைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருக்கிறார்கள். தாளைக் கிழித்தால் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் போய், குளிர்ந்த பலகையில் பட்டுத் தண்ணீராகிவிடும். வெளியே மைனஸ் இருபத்தைந்து என்றால் பனிக்கட்டியே ஆகிவிடும், வசந்தத்தில் உருகிப் பலகை பூஞ்சை பிடிக்கும். சரி என்று அந்த இரண்டையும் உள்சுவர்களுக்கு மாற்றினேன்.

இனி உங்கள் துறைக்கு வருகிறேன். நம் குழாய் ஸ்பீக்கர்களுக்கு அஹுஜா ஆம்பிளிஃபயரிலிருந்து 100 வோல்ட் லைன் எடுப்பீர்கள். ஒவ்வொரு குழாயிலும் டிரான்ஸ்ஃபார்மர். ஓம்ஸ் கணக்கு, அதாவது ரெசிஸ்டன்ஸ் கணக்கு வேண்டாம், வாட்ஸைக் கூட்டினால் போதும். வோல்ட் அதிகம், ஆம்ப்ஸ் குறைவு. அதனால்தான் மெலிசு ஒயரிலேயே கோயிலில் இருந்து கண்மாய்க்கரை வரைக்கும் சத்தம் போனது. வீட்டு ஸ்பீக்கரில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. நேராக 8 ஓம்ஸ். ஒயரில் விழும் ஒவ்வொரு ஓம்மும் நஷ்டம். ஆகவே ஒயர் தடிமனாக வேண்டும்.

இங்கே ஒயரை கேஜில் சொல்கிறார்கள். நீங்கள் மோட்டார் காயில் கட்டிய கம்பி மாதிரிதான், எண் ஏற ஏற மெலியும். 16 கேஜ் ஒயரை ஐம்பது அடிக்கு இழுத்தால் போக வர நூறு அடி, ஏறக்குறைய 0.4 ஓம்ஸ். எட்டில் அது நூற்றுக்கு ஐந்து. 14 கேஜ் என்றால் 0.25 தான். நம் ஊர்க் கணக்கில் 2 ஸ்கொயர் எம்.எம். நான் 14 வாங்கினேன். மலிவாக ஒரு ஒயர் கிடைக்கிறது, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கும், கேஜ் எண்ணும் அதேதான், ஆனால் ரெசிஸ்டன்ஸ் கூடுதல். அட்டையைத் திருப்பிப் படிக்காதவன் ஏமாந்தான்.

உங்கள் சிவப்பு கறுப்பு முறுக்கு ஒயரை இங்கே சுவருக்குள் விடக் கூடாது. ஒயரின் மேலேயே சி.எல்.2 அல்லது சி.எல்.3 என்று அச்சடித்திருக்கவேண்டும். வீடே மரம். சுவருக்குள் தீப் பிடித்தால் ஒயரின் மேல்தோல் வழியாக அது ஏறிப் போகக் கூடாது என்பதற்காக இந்தச் சட்டம். பேஸ்மென்டில் நின்று மேலே பார்த்து, சுவரின் அடிச்சட்டத்தைத் துளைத்து ஒயரை ஏற்றினேன். அப்படித் துளைத்த ஓட்டையைக்கூட நெருப்பு தாங்கும் பசையால் அடைக்கவேண்டும். கரண்ட் ஒயர் பக்கத்தில் இணையாக ஓடவிடவில்லை, ஓர் அடி தள்ளியே கொண்டுபோனேன். குறுக்கே போகவேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி கடந்தேன். இல்லாவிட்டால் 'உம்' என்று இரையும் என்று நீங்கள் சொல்லித் தெரியும். உங்கள் ஊர் இரைச்சல் 50 சைக்கிள், இங்கே 60. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாம் மாட்டி, வலையை மூடி, பாட்டுப் போட்டேன். சத்தம் வந்தது, சாரம் இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருந்தது. பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடந்தார். ஒரு ஸ்பீக்கர் பக்கம் போனால் சரியாக இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்தால் சொதப்புகிறது. சுவர்தான் காரணம், வெற்றுப் பெட்டிக்குள் வைத்தால் இப்படித்தான் என்று முடிவு கட்டிப் படுத்துவிட்டேன்.

படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு பங்குனிப் பொங்கலுக்கு மேடையின் கீழே நீங்கள் குந்தி உட்கார்ந்து, டார்ச் செல்லை எடுத்து ஒயரில் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். நான் டார்ச் போச்சே என்று அழுதேன். "செல்லோட பிளஸ் இதுல பட்டா கூம்பு வெளிய வரணும்டா. உள்ள போனா தலைகீழ். ஒண்ணு தள்ள ஒண்ணு இழுத்தா சத்தம் சண்டை போட்டுச் சாகும்" என்றீர்கள்.

மறுநாள் ரிமோட்டிலிருந்து ஒரு செல்லை எடுத்தேன். ஆம்பிளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, நான் மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில் செல்லைத் தொட, பாப்பா ஸ்பீக்கர் முன்னால் நின்று கத்தினாள். இடது, "வெளியே". வலது, "உள்ளே அப்பா!" காரணம் நான்தான். முன்பக்க இரண்டுக்கும் நான்கு கோர் ஒயர் இழுத்திருந்தேன். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். அடுத்த ஜோடியில் வெள்ளை பிளஸ், பச்சை மைனஸ். ஆனால் இந்த நாட்டுக் கரண்டில் வெள்ளைதான் நியூட்ரல். அந்தப் பழக்கத்தில் ஆம்பிளிஃபயர் பக்கம் வெள்ளையை மைனஸில் மாட்டிவிட்டேன். ஸ்பீக்கர் பக்கம் வேறொரு நாள் காகிதத்தைப் பார்த்துச் சரியாக மாட்டியிருக்கிறேன். மாற்றிப் போட்டதும் பாடகர் நேராக டிவிக்கு நடுவில் வந்து நின்றார். தொப்பியும் வந்தது.

எலி கடிக்காதா என்று கேட்டீர்கள். கடிக்கும். குளிர் ஆரம்பிக்கும்போது இங்கும் எலி வீட்டுக்குள் வரும். அதற்குப் பொறி வைத்திருக்கிறேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது, சுவரே பெட்டி. ஆகவே பின்பக்கம் பாப்பாவின் அறையிலும் பாதிச் சத்தம் கேட்கிறது. சத்தம் கூட்டினால் சுவரே லேசாக அதிர்கிறது, கை வைத்தால் தெரியும். நீங்கள் நான்கு ஊருக்குக் கேட்க வைத்தீர்கள், நான் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாதே என்று பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

காது மெஷினை டப்பாவிலேயே வைத்திருக்கிறீர்களாம், அம்மா சொன்னாள். ஜூனில் இங்கே வரும்போது அதைப் பையில் போடாமல் காதில் மாட்டிக்கொண்டு வாருங்கள். பின்பக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் செல் வைத்து இன்னும் பார்க்கவில்லை. அப்புறம், திண்ணையில் கிடக்கும் அந்தப் பழைய ஆம்பிளிஃபயரை இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. தங்கச்சியைப் போன் பண்ணச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்