மதிப்பெண்ணை வைத்துக் கழிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவ வீரர்களின் உடல் அசைவைக் கேமராவும் சென்சாரும் கொண்டு அளப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படையில் உடற்பயிற்சி ஆசானாக இருந்து ஓய்வு பெற்றவன் நான்.

கருவிகள் வரட்டும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குவது என் கண்ணுக்குத் தெரியும். இடது கால் வலது காலைவிட எத்தனை நியூட்டன் குறைவாக உந்துகிறது என்பது, மேலே நின்று குதித்தால் கால் தரும் விசையை அளக்கும் விசைத் தட்டுக்குத்தான் தெரியும். காயத்திலிருந்து மீண்டு வருபவரை மறுபடி ஓடவிடலாமா என்று முடிவெடுக்க இது பெரிய உதவி.

ஆனால் உடல் அசைவுகளைப் பார்த்து மதிப்பெண் போடும் எஃப்.எம்.எஸ். (Functional Movement Screen) சோதனையின் கதையையும் பார்க்க வேண்டும். ஏழு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3, மொத்தம் 21. பதினான்கோ அதற்குக் கீழோ எடுத்தால் காயம் வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பதினான்கு என்ற அந்தக் கோடு அவ்வளவாக நிற்கவில்லை.

நிற்காததில் எனக்கு வியப்பில்லை. சோதனை நடப்பது ஷார்ட்ஸில், நல்ல தூக்கத்துக்குப் பிறகு. காயம் படுவதோ பூட்ஸும் முதுகுச் சுமையுமாக, களைத்த கால்களோடு. புதியவர்களின் கீழ்க்கால் எலும்பில் விரிசல் விழுவதற்கு ஓட்டத்தையும் சுமை நடையையும் திடீரென்று கூட்டுவது முக்கியக் காரணம். அதைத் திருத்த வேண்டியது பயிற்சி அட்டவணையில். கருவி வாங்கும் காசுகூடத் தேவையில்லை!

இன்னொன்று. குறைந்த மதிப்பெண் எடுத்தவரை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தால், பையன்கள் வலியை மறைத்துக்கொண்டு குதிக்கப் பழகிவிடுவார்கள். அந்த எண் பயிற்றுநருக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் மட்டும் போகட்டும், தேர்வுக் குழுவின் மேசைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ உடற்பயிற்சி ஆசான்