நீ அனுப்பிய ஜூனிபர் கட்டை

பெரம்பூர், சென்னை

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வில் செய்ய நீ எடுத்து வைத்திருக்கும் ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்துக் கட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாவரவியல் நடத்தியவளிடம் கருத்துக் கேட்டுவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்ளக் கூடாது: அந்தக் கட்டை வில்லுக்கு ஆகாது. பட்டை உரிந்த இடத்தில் நாரோட்டம் முறுக்கிய கயிறுபோல் சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் இரண்டு கணுக்கள் வேறு. அதில் செதுக்கும் வில் வளைக்கும்போது பக்கவாட்டில் திரும்பும், இல்லையேல் கணுவிலே முறியும்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பழங்குடியினர் நின்ற மரத்திலேயே கணுவின்றி நேராக ஓடும் பகுதியைத் தேடி, மேலும் கீழும் வெட்டுப் போட்டு, அது அங்கேயே காய்ந்த பிறகு பிளந்து எடுத்தார்கள் என்றும், மரம் சாகாமல் அவ்விடத்தில் மீண்டும் வளர்ந்தபோது மறுபடியும் எடுத்தார்கள் என்றும் 1988இல் மானிடவியலாளர் பிலிப் வில்கி எழுதினார். அவர்களுக்கிருந்த பொறுமை உனக்கும் வேண்டும். பொது நிலத்து மரமென்றால் முதலில் அனுமதி வாங்கு.

ஜூனிபர் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், மான் தசைநாரைப் பசையிட்டு ஒட்ட வேண்டும். 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, அந்த நாரை வாயில் மென்று மிருதுவாக்கி, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டினாராம். நீ மெல்ல வேண்டாம். வெதுவெதுப்பான நீர் போதும், சூடு மிகுந்தால் நார் சுருங்கிவிடும். கட்டையின் முனைகளில் பசை பூசி, வெடிப்பு விழாமல் மெதுவாகக் காய விடு. அவசரப்படாதே.

நாணேற்றியபடியே விட்டால் வில் களைத்து வியர்க்கும் என்பது இஷியின் எண்ணம். அதை நான் ஏற்கிறேன். பெண்கள் வில்லைத் தொடக் கூடாது என்றும் அவர் சொன்னார்; அதை மட்டும் நீ பிடித்துக்கொள்ளாதே. பசை இறுகுவதற்குள் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். வித்யாவைக் கூப்பிடு. படத்தில் அவளுடைய வீணை இருந்த மூலையில் மரச்சீவல் குவிந்திருந்தது. வீணையைப் பழுது பார்க்கக் கொடுத்திருப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

கணினியையே கட்டிக்கொண்டிருந்தவன் உளியைக் கையில் எடுத்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் கட்டையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறவனுக்கு, இரவில் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி எழுத முடியவில்லையா? மறுபடியும் சொல்கிறேன், காய்வதற்குள் செதுக்காதே.

வில் நன்றாக அமைந்தாலும் இங்கே கொண்டு வராதே. நம் ஊர் ஈரத்தில் தசைநாரும் பசையும் நீரை உறிஞ்சி, வில் விசையிழந்து தொய்ந்துவிடும். அதை அங்கேயே வைத்துவிட்டு நீ வா. பொங்கலுக்கு அப்பா பயணச்சீட்டு எடுக்கப் போகிறார். ஒன்றா இரண்டா என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
அம்மா