எந்த வீண் என்று சொல்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன. வஞ்சிரம் இன்னும் நம் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கவில்லை. அப்பா விடியற்காலையில் போய் சங்கரா வாங்கிக்கொண்டு வருகிறார்.

போன வாரம் நீ போனில் சொன்னது மனசிலேயே இருக்கிறது. அந்த ப்ராஜெக்டை ஆபீசில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றாய். "ரெண்டு வருஷம் உழைச்சதெல்லாம் வேஸ்ட்மா. எதுக்குமே அர்த்தம் இல்ல" என்றாய். வருத்தப்படாதே என்று நான் சொல்லப்போவதில்லை. உன் வருத்தம் நியாயமானது, நன்றாகவே வருத்தப்படு. ஆனால் அதற்கு நீ எடுத்துக்கொண்ட சொற்கள் சரியில்லை, கண்ணு. அதைப் போனில் சொன்னால் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும் என்றுதான் எழுதுகிறேன்.

வேஸ்ட் என்பது பயனைப் பற்றிய பேச்சு. அர்த்தம் இல்லை என்பது பொருளைப் பற்றிய பேச்சு. முதலில் ஒன்றைச் சொன்னாய், மூச்சு விடுவதற்குள் இன்னொன்றுக்குத் தாவிவிட்டாய். நன்னூலில் பவணந்தியார் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறார். அதில் 'வெற்றெனத் தொடுத்தல்' ஒன்று, 'நின்று பயன் இன்மை' இன்னொன்று. உள்ளே பொருள் இல்லாமல் வெறும் சொல்லைக் கோத்துவைப்பது முதல் குற்றம். சொல்லெல்லாம் இருந்தும் ஒரு பயனும் தராமல் நிற்பது அடுத்தது. இரண்டையும் அவர் தனித்தனியாகத்தான் எண்ணினார். உன் வேலைக்கு நேர்ந்தது இரண்டாவது. அதுவும் நீ செய்த குற்றத்தால் இல்லை.

நம் தெருப் பிள்ளைகளுக்கே இந்த வித்தியாசம் தெரியும். டுபாக்கூர் என்றால் போலி. மொக்கை என்றால் சுவை இல்லாதது. வெத்து என்றால் வெளியே பந்தா, உள்ளே ஒன்றுமில்லை. பாடாவதி என்றால் ஒரு காலத்தில் ஓடி, இப்போது உருட்டிக்கொண்டு போகவேண்டியது. பாடாவதி பைக்கைப் பார்த்து எவனும் டுபாக்கூர் பைக் என்று சொல்லமாட்டான்.

தண்டம் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தண்டம் என்றால் தண்டனை, அபராதம். நமக்கு ஒன்றும் கிடைக்காமல் கையைவிட்டுப் போகிற காசு. தண்டச்செலவு என்று சொல்வது சரி, பணத்துக்குத்தானே சொல்கிறோம். ஆனால் வேலை கிடைக்காத பையனைத் தண்டச்சோறு என்கிறார்களே, அவன் சாப்பிடுகிற சோற்றையே வீட்டுக்கு விழுந்த அபராதமாக ஆக்குகிற பேச்சு அது. வகுப்பில் பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் விழுந்த சொல்லை அப்படியே எடுத்துத் தன் மேல் ஒட்டிக்கொண்டு வருவார்கள். அதைப் பிய்த்து எடுப்பதற்குள் ஒரு வருஷப் பாடமே முடிந்துவிடும். வேலைக்குச் சொல்ல ஆரம்பித்த வேஸ்ட் ஆளுக்கு வந்துவிட அதிக நாள் ஆகாது. அந்தப் பயத்தில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வெட்டி வேலை என்றும் நீ ஒரு தடவை சொன்னாய். அந்தச் சொல்லின் கதை கேள். சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி வருகிறது. கூலி இல்லாமல் கட்டாயமாகச் செய்துகொடுக்க வேண்டிய வேலைக்கு அந்தப் பெயர். அந்த வேலையால் பயன் இருந்தது. செய்தவன் கைக்குத்தான் ஒன்றும் வரவில்லை. அப்படிக் கூலி மறுக்கப்பட்டவனின் சொல்லைத்தான் நாம் இன்று உருப்படியில்லாத வேலைக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி 'மெய்வருத்தக் கூலி தரும்' என்று வள்ளுவர் சொல்லும்போது, கூலி என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு எப்போதும் கண் நிற்கும். காரியம் கைகூடும் என்று அவர் அங்கே சொல்லவில்லை. உடம்பு பட்ட பாட்டுக்கு உரியது வரும் என்கிறார், அவ்வளவுதான். நீ புதிதாகக் கற்றுக்கொண்டதும், உன்னிடம் வேலை பழகி நிமிர்ந்த அந்த இரண்டு பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வரும். ப்ராஜெக்டை நிறுத்தியவர்களால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

இந்தத் தடைக்காலத்தில் அப்பாவோடு ஒருநாள் துறைமுகத்துப் பக்கம் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் அரசாங்கம் வைத்த தடை. ஒரு பெரியவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணி கண்ணியாக ஊசியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரையேற்றிய படகுக்கு இரண்டு பேர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன நைனா, வேலை எப்படிப் போகுது?" என்று அப்பா கேட்டார். "இன்னா வேலை, சும்மாதான் கீறோம்" என்றார், கை நிற்காமலே. வருமானம் இல்லை என்பதைத்தான் அவர் சும்மா என்று சொன்னார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அந்தக் கவலை அவர் குரலில் இருந்தது. ஆனால் வேஸ்ட் என்று அவர் சொல்லவில்லை. கரையில் வலை சரியாகிறது, கடலில் குஞ்சு பெருகுகிறது, அவர் வாயில் அதற்குப் பெயர் சும்மா.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்று தொல்காப்பியர் எழுதிவைத்தார். ஆனால் உன் பாட்டி, வாசலில் யார் வந்தாலும் "டீ கீ சாப்புடுறியா?" என்பாள். அந்த இடத்தில் 'கீ'க்கு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. தனியாகச் சொன்னால் வெறும் சத்தம். டீ வேண்டாமென்றால் மோர், அதுவும் வேண்டாமென்றால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ என்று அத்தனையும் அதற்குள் இருக்கும். பொருள் இல்லை என்று ஒன்றைத் தள்ளுவதற்கு முன்னால் அது எதோடு சேர்ந்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும்.

சரி, உனக்கு எந்தச் சொல்? யோசித்துப் பார்த்தேன். 'வேலை நின்றுபோச்சு.' அது போதும். யார் கேட்டாலும் அதையே சொல். ரொம்பக் கோபம் வந்தால் வீணாப்போச்சு என்று சொல்லிக்கொள். அது முயற்சியோடு நின்றுவிடும், உன்னைத் தொடாது.

எழுதிவைத்த நோட்டுகளையும் கணக்குகளையும் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதே. அடுத்து எந்த டீமில் போடுவார்கள் என்று அப்பா கேட்கச் சொன்னார். லீவு கிடைத்தால் ஆடிக்கு வந்துவிட்டுப் போ, அதற்குள் வஞ்சிரம் விலை இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அம்மா
தண்டையார்பேட்டை