காட்டுக்குடிலில் இரவெல்லாம் ஜெனரேட்டர்: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

நிர்வாகத்தினருக்கு வணக்கம்,

போன வார இறுதியில் பினாங்கின் பாலிக் பூலாவ் மலைச்சரிவில் இருக்கும் உங்கள் மரக்குடிலில் நானும் என் கணவரும் தங்கினோம். 760 ரிங்கிட்டை முன்கூட்டியே கட்டிவிட்டோம். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், வருடம் முழுக்க மெஷின் இரைச்சலிலேயே இருக்கிறார், அதனால்தான் சோலார் விளக்கு மட்டும், ஜெனரேட்டர் கிடையாது என்று உங்கள் விளம்பரத்தில் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்காமல் பதிவு செய்தேன்.

பச்சைத் தண்ணீரில் குளித்தது, கொசுவலை, பல்லி, வைஃபை இல்லாதது, இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்காகத்தானே வந்தோம். காலையில் இருவாச்சிகள் பறந்து போனதையும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்குகள் குட்டியோடு உட்கார்ந்து இலை தின்றதையும் வாசலிலிருந்தே பார்த்தோம். இடம் அவ்வளவு அருமை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

இருட்டியதும் குடிலுக்குப் பின்னாலேயே டீசல் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். ஒற்றைப் பலகைச் சுவர், ஜன்னலில் கண்ணாடி இல்லை, வெறும் வலைதான், படுத்தால் கட்டில் அதிர்கிறது, புகை நேராக உள்ளே வருகிறது. விடியும்வரை நிற்கவே இல்லை. அங்கே வேலை செய்யும் தம்பியிடம் கேட்டதற்கு, மேலே புதிதாகக் கட்டிய குடில்களுக்கு ஏர்கோன் ஓட வேண்டும், சோலார் பத்தாது என்றார். பாவம், அவரைக் குறை சொல்ல மாட்டேன், போர்வையும் வேறு தலையணையும் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் அந்த மேல் குடிலில் நடுராத்திரி தாண்டியும் கரோக்கே. அந்த ஸ்பீக்கரும் உங்கள் அலுவலகமே வாடகைக்குக் கொடுத்தது.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் சொன்னேன். மறுநாள் மதியம்தான் பதில் வந்தது: “காட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும்.” சிள்வண்டும் தவளையும் கத்தினால் நான் ஏன் புகார் செய்யப் போகிறேன்? அதைக் கேட்கத்தான் காசு கொடுத்தோம், அதுதான் கடைசிவரை காதில் விழவில்லை. பினாங்குக் கொடிமலையை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்ததை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறீர்கள், அந்தப் பெயரில் ஆள் சேர்த்துவிட்டு ராத்திரி முழுக்க டீசல் எரிப்பது சரியா?

முழுப் பணமும் எனக்குத் திரும்ப வேண்டும். அடுத்த முறைக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று சொல்ல வேண்டாம், அது எனக்குத் தேவையில்லை. ஜெனரேட்டரைக் குடில்களிலிருந்து தள்ளி வைக்கும்வரை அந்த விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது. 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். 5 ரிங்கிட் கட்டணம்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. பணம் கட்டிய ரசீது, விளம்பரத்தின் படம், இரவில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.