ஜூன் மாதம் துபாய்க்கு வரும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் ஆஃபர் லெட்டர் நகலும் கிடைத்தன. 'மொத்தச் சம்பளம் 3000 திர்ஹம்' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாய். நீ பார்க்க வேண்டியது அதற்கு மேல் வரி: 'பேசிக் 1200', அதாவது அடிப்படைச் சம்பளம். மிச்ச 1800-ஐ வீட்டு அலவன்ஸ், போக்குவரத்து அலவன்ஸ், இதர அலவன்ஸ் என்று பிரித்திருக்கிறார்கள். மாதாமாதம் கைக்கு வருவது இதனால் குறையாது. ஆனால் ஓவர்டைம், எடுக்காத லீவுக்கான பணம், வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி மூன்றுக்கும் இங்கே பேசிக்கை வைத்துத்தான் கணக்கு.

கிராஜுவிட்டி ஒரு வருடம் முடித்தவனுக்குத்தான். முதல் 5 வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு 30 நாள். பேசிக் 1200 என்றால் ஒரு நாளுக்கு 40, வருடத்துக்கு 840, ஐந்து வருடம் உழைத்தால் 4200 திர்ஹம். அதே 3000-இல் பேசிக் 2000 என்று இருந்தால் 7000. ஓவர்டைமும் இப்படியே. 1200 பேசிக்கில் ஒரு மணி நேரம் 5 திர்ஹம். அதோடு 25 சதவீதம் கூட்டினால் 6.25. இரவு 10 மணியிலிருந்து காலை 4 வரை பார்த்தால் 50 சதவீதம் கூடும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடு: மொத்தம் அப்படியே இருக்கட்டும், பேசிக்கை உயர்த்த முடியுமா என்று. கம்பெனிக்கு மாதச் செலவு ஏறுவதில்லை என்பதால் சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். வந்து இறங்கிய பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏஜென்ட் தரும் காகிதம் வேறு, இங்குள்ள தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் வேறு. இரண்டாவதுதான் செல்லும். அதில் பார்கோடும் எண்ணும் இருக்கும். பதவியின் பெயர், பேசிக், அலவன்ஸ், ப்ரொபேஷன் காலம் நான்கும் முதல் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பார். ப்ரொபேஷன் 6 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. விசா, மெடிக்கல் செலவு கம்பெனியுடையது; அதை உன் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. "முதலில் விசிட் விசாவில் வா, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடு. விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம், மாட்டினால் நாடு கடத்தப்படுவது நீதான்.

உன்னோடு வருவதாகச் சொல்லும் மாமா மகன் பத்தாவது முடிக்கவில்லையே? அவன் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டாக, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டாக இருக்கும். இ-மைகிரேட் என்ற அரசு இணையதளம் வழியாக அந்த எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்காமல் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், கவரேஜ் 10 லட்சம். பத்தாவது முடித்ததால் உனக்குக் கட்டாயமில்லை.

இங்கே வந்ததும் இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, கைரேகை, பிறகு எமிரேட்ஸ் ஐடி. இந்தப் பத்தாக்கா (அட்டையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) வரும்வரை பேங்க் கணக்குக்கும் சொந்த சிம்முக்கும் அலைச்சல்தான். வந்ததும் அதன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள், ஆனால் யாருக்கும் சிம் வாங்கக் கொடுக்காதே. உன் பெயரிலுள்ள நம்பரில் அவன் செய்யும் வம்பு உன் தலையில் விழும். பாஸ்போர்ட்டை 'பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்ளவும் கம்பெனிக்கு உரிமை கிடையாது.

இன்னொன்று, வேலையிழப்புக் காப்பீடு. பேசிக் 16,000-க்குள் இருப்பவர்களுக்கு மாதம் 5 திர்ஹமும் வரியும். கம்பெனி கட்டும் என்று காத்திருக்காதே, தொழிலாளிதான் சேர வேண்டும். சேராவிட்டால் 400 திர்ஹம் அபராதம். தொடர்ந்து 12 மாதம் கட்டியவனைக் கம்பெனி நிறுத்தினால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும். நீயாக ராஜினாமா செய்தால் ஒன்றும் வராது. இதிலும் பேசிக்தான், கவனித்தாயா?

இனி வெயில். நீ ஜூனில் வருகிறாய், அதுவும் ஏ.சி. டெக்னீஷியனாக. இதைவிட மோசமான மாதம் தேடினாலும் கிடைக்காது. நம் ஊரில் 40 டிகிரி பார்த்தவன்தானே என்று நினைக்காதே. இங்கே கடல் பக்கம் ஈரப்பதம் சேர்ந்துவிடும், வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். மீறினால் ஒரு ஆளுக்கு 5,000 திர்ஹம் கம்பெனிக்கு அபராதம். ஆனால் ஆபத்து அந்த இரண்டரை மணி நேரத்தோடு முடிவதில்லை. காலை 11 மணிக்கே மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட்டின் தகரத்தைக் கையுறை இல்லாமல் தொட முடியாது. ஸ்பேனர், கேஜ் எல்லாவற்றையும் நிழலில் வை.

புதிதாக வந்த உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு அவ்வளவு கூட்டுவதுதான் முறை. ஃபோர்மேனிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடு, வெட்கப்படாதே. தண்ணீர் தாகத்துக்குக் காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர். நாலைந்து மணி நேரம் வேர்த்துக் கொட்டியபின் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. பக்காலாவில் (இங்குள்ள சிறு மளிகைக்கடை) கிடைக்கும் லபன் நம் மோர் மாதிரிதான், உப்புப் போட்டுக் குடி. பக்கத்தில் வேலை பார்ப்பவன் தோல் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் நிழலுக்கு இழுத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, 998-க்குப் போன் போடு. முழு நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதே.

வேலையைப் பற்றியும் கொஞ்சம். ஊரில் கேஸ் லீக்தான் உனக்கு முதல் சந்தேகமாக இருக்கும். இங்கே குளிரவில்லை என்று கூப்பிட்டால் முதலில் ஃபில்டரையும் வெளி யூனிட்டிலுள்ள கண்டென்சர் காயிலையும் பார். பாலைவனத் தூசி, இரவு ஈரத்தில் நனைந்து சேறாகி ஃபின் என்ற மெல்லிய தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். மேலே கழுவினால் போகாது. மின்சாரத்தை ஐசொலேட்டர் சுவிட்சில் நிறுத்தி, கபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை டிஸ்சார்ஜ் செய்து, மேல் மூடியைக் கழற்றி உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடி. அழுத்தம் அதிகமானால் ஃபின் மடங்கிவிடும், பிறகு காற்றே போகாது. ஜுமேரா மாதிரிக் கடலோர வில்லாக்களில் உப்புக்காற்று ஃபின்னை அரித்து மாவாக்கியிருக்கும். அங்கே பிரஷ்கூட மெதுவாகத்தான். அடுத்தது கபாசிட்டர். சூட்டில் வீங்கி மதிப்பு இறங்கிவிடும், ஃபேன் சுற்றும், கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுவிடும். மூன்றாவது, டிரெயின் லைன். ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும்போது தண்ணீர் நிறைய வடியும்; பைப்பில் பாசி அடைத்தால் ஜிப்சம் சீலிங் ஊறி இறங்கிவிடும். வீட்டுக்காரர் ஏ.சி.க்குச் சண்டை போடுவதைவிடச் சீலிங்குக்குத்தான் அதிகம் சண்டை போடுவார். வேலை முடித்ததும் டிரெயினில் ஒரு ஜக் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிட்டு வா.

தங்குமிடம் கம்பெனி ரூம் என்றால் எங்கே, எத்தனை பேர், வண்டி உண்டா என்று கேட்டு வை. வெளியே பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டில் இடம் மட்டும் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், அந்த ஃபிளாட்டின் எஜாரி என்ற வாடகைப் பதிவில் உன் பெயரும் சேருமா என்பதுதான் முதல் கேள்வி. தங்குகிறவர்கள் எல்லோரும் பதிவாக வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. பலகை அடித்துத் தடுத்த பார்ட்டிஷன் ரூமில் டெபாசிட் கட்டாதே. சோதனை வந்தால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், டெபாசிட் திரும்பாது. ஷார்ஜாவில் வாடகை மலிவு என்பார்கள். உண்மைதான். ஆனால் ஷார்ஜாவுக்கு மெட்ரோ கிடையாது, காலை மாலை இத்திஹாத் ரோட்டில் வண்டிகள் ஊர்வதைப் பார்த்தால் மிச்சம் பிடித்த காசின் விலை தெரியும்.

குளியலறையில் ஒரு வேடிக்கை. கோடையில் தொட்டி மொட்டைமாடியில் காய்வதால் பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும். அதனால் மே மாதத்திலேயே எல்லோரும் ஹீட்டரை அணைத்துவிடுவார்கள். ஹீட்டர் தொட்டி ஏ.சி. போட்ட வீட்டுக்குள் இருப்பதால் அதிலுள்ள தண்ணீர் ஆறியிருக்கும். ஆகவே வெந்நீர்க் குழாயைத் திறந்துதான் குளிக்க வேண்டும். அதுவும் தொட்டி காலியாகும் வரைதான். ஆறு பேர் ரூமில் கடைசியாக எழுந்தவன் வெந்நீரில்தான் குளிப்பான். இரவே ஒரு வாளி நிரப்பி ரூமுக்குள் வைத்துக்கொள்பவன் கெட்டிக்காரன்.

மெட்ரோவுக்கு சில்வர் நோல் என்ற பயணக் கார்டு 25 திர்ஹம், அதில் 19 பயணத்துக்கு. ஒரு ஜோனுக்குள் 3, பக்கத்து ஜோன் வரை 5, அதற்கு மேல் 7.50. மாதம் 26 நாள் இரண்டு ஜோன் போய்வந்தால் 260 ஆகும். 30 நாள் பாஸ் 230. அதிகக் கட்டணமுள்ள கோல்டு பெட்டியிலும் பெண்கள் பெட்டியிலும் ஏறிவிடாதே, 100 திர்ஹம் அபராதம். சூயிங்கம் மென்றாலும் அபராதம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்குத்தான் முதல் ரயில். டூட்டி இருந்தால் பஸ் பார்த்து வை.

லீவு நாள் என்றால் 2022 முதல் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாளும், சனி ஞாயிறு முழு நாளும். நமக்கு வாரத்தில் ஒரு நாள், அதுவும் எது என்று கம்பெனிதான் சொல்லும். காசில்லாத நாளில் போக இடம் நிறைய இருக்கிறது. தேராவிலிருந்து பர்துபாய்க்கு, நடுவிலுள்ள க்ரீக் என்ற கடல்கழியில் அப்ரா படகு 1 திர்ஹம். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தக் கரையில் உட்கார ஒன்றும் கொடுக்க வேண்டாம். கைட் பீச் இலவசம். மம்சார் பார்க் 5 திர்ஹம், ஆனால் திங்களும் புதனும் பெண்களுக்கு மட்டும். ஜூலையில் பகலில் கடலில் இறங்காதே, தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும். இரவில் விளக்குப் போட்டு லைஃப் கார்டும் நிற்கும் பீச்சுகள் ஜுமேரா 2, ஜுமேரா 3, உம் சுகைம் 1 ஆகிய இடங்களில் உண்டு. சிவப்புக் கொடி இருந்தால் முழங்கால் வரைகூடப் போகாதே. அலை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. கிரிக்கெட், பார்க், மலைப்பக்கம் ஹத்தா எல்லாம் நவம்பருக்கு மேல்தான், அதுவரை பொறு.

பணம் அனுப்புவதில் கமிஷனை மட்டும் பார்க்கிறார்கள். ரேட்டைப் பார். பேச்சுக்கு, இரண்டு இடத்துக்கும் ரேட் 15 பைசா வித்தியாசம் என்றால் 1000 திர்ஹமுக்கு 150 ரூபாய். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ரூபாய் டாலரிடம் இறங்கினால் திர்ஹமிடமும் அதே அளவு இறங்கும், செய்தியில் டாலரைப் பார்த்தாலே போதும். ஊர் பேங்க் கணக்கை அப்படியே விடாதே, என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) ஆனதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இங்கிருந்து அனுப்புவதற்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு திற, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

போனில் வாட்ஸப் கால் வராது. போட்டிம் என்ற ஆப்பைப் போட்டுக்கொள். எழுத்தும் வாய்ஸ் மெசேஜும் வாட்ஸப்பில் போகும், ஆனால் கோபத்தில் யாரையும் திட்டி அனுப்பாதே, இங்கே அது வழக்காகும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வசூல் என்று குரூப்பில் போடுவதும் அனுமதியில்லாமல் குற்றம். நம் ஆட்கள் இதில்தான் அறியாமல் மாட்டுகிறார்கள்.

கடைசியாகப் பெட்டி. அம்மா கறி மசாலா அரைத்துத் தருவார்கள், அதில் கசகசா சேர்க்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. இங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு சிறு பொட்டலத்துக்கே சிறை உண்டு. யாராவது "இதைக் கொண்டுபோய்க் கொடு" என்று கட்டிய பார்சலைத் தந்தால் பிரித்துப் பார்க்காமல் வாங்காதே. கோடீன் கலந்த இருமல் சிரப், ட்ரமடால், தூக்க மாத்திரை எதுவும் டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் வேண்டாம். பருத்திப் பனியன் அரை டஜன், ஒரு தொப்பி, சான்றிதழ் ஒரிஜினல்கள் கைப்பையில். ஊறுகாயை லக்கேஜில் வை, கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் வணக்கம். பேசிக் பற்றி ஏஜென்ட் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்