4 ஆண்டுச் செலவையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கலந்தாய்வு நேரம். என் மகளுக்குச் சென்னையில் ஒரு தனியார் கல்லூரி மீதுதான் ஆசை. நேரில் போய் விசாரித்தோம். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் அரசு நிர்ணயித்ததுதான். முதல் பட்டதாரிக்கு 25,000 ரூபாய் சலுகையும் உண்டு. சரி, சமாளித்துவிடலாம் என்று நினைக்கும்போதே அலுவலக ஊழியர் ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்: விடுதி, சாப்பாடு, வேலைவாய்ப்புப் பயிற்சி, சீருடை, இதர. கல்விக் கட்டணத்தைவிட அந்த 'இதர' பெரிதாக இருந்தது! அச்சடித்த விவரம் கேட்டால், சேர்ந்தபிறகு தருவார்களாம்.

கல்விக் கடன் இருக்கிறதே என்கிறார்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் படிக்கிற காலத்திலும் வட்டி ஏறும்; மானியத்துக்கோ வருமான வரம்பு உண்டு.

திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். மகள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், இருக்கட்டும்.

கலந்தாய்வு இணையதளத்தில் கல்லூரிக் குறியீட்டு எண்ணுக்குப் பக்கத்திலேயே, விடுதியும் 'இதர'வும் சேர்த்த 4 ஆண்டு மொத்தச் செலவையும் வெளியிட உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும். பென்சில் கணக்கைப் பார்க்கவா நாங்கள் சென்னைக்கு பஸ் ஏறுவது?

மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
கோவில்பட்டி