ஐம்பதைத் திருப்பிக் கேட்காதே

பாம்பன்,
ஞாயிறு இரவு

சேது,

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவன் திடீரென்று எழுதினால் கடன் கேட்கத்தான் என்று நினைப்பாய். இல்லை. வாங்கியதைத் தர முடியாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் 50 மி.மீ. லென்ஸ். உன் தங்கை கல்யாணத்தில் "ரெண்டு நாள் வச்சிருடா" என்று கொடுத்தாயே, அதுதான். பூஞ்சை பிடிக்கவில்லை. அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். கத்தாதே, துணியில் சுற்றித்தான்.

வீட்டில் எல்லாரும் சுகம். ஒட்டகம் சார் ரிட்டயர் ஆகிவிட்டார், சைக்கிள் ஆகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கினேன். பூச்சி, எறும்பைக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் விலையைப் பார்த்துவிட்டு, ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை இதுதான் என்று முடிவு செய்தேன். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டி லென்ஸைத் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். 7, 14, 28 மி.மீ. என்று மூன்று வளையம். முன்னும் பின்னும் மாட்டுகிற பகுதியையும் சேர்த்தால் 50-ஐத் தாண்டும். குழாயின் நீளத்தை லென்ஸின் 50-ஆல் வகுத்துப் பார், ஒன்றுக்கு மேல் வரும். அதாவது ஒரு எறும்பு சென்சாரில் தன் முழு அளவில் வந்து விழும். அதனால்தான் உன் ஐம்பது. இதையே 200 மி.மீ. லென்ஸில் மாட்டியிருந்தால் இதில் கால்வாசிதான் பெரிதாகியிருக்கும்.

மலிவு குழாய் என்பதால் மின் தொடர்பு கிடையாது. லென்ஸ் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் புகும் துளையை, முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு அடம்பிடித்தது. முதல் வாரம் எடுத்ததெல்லாம் கஞ்சித் தண்ணீர். அப்புறம்தான் வித்தை பிடிபட்டது. லென்ஸை நேராகக் கேமராவில் மாட்டி, துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்து, கேமராவில் இருக்கிற டெப்த் பிரிவ்யூ பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே கழற்றினால் துளையின் இதழ்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. உன் கேனானிலும் செய்து பார். வியூஃபைண்டர் இருட்டிப் போகும். போதாததற்கு, குழாய் போட்டாலே சென்சாருக்கு வரும் வெளிச்சம் கால்பங்காகிவிடுகிறது. நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எடுக்கிறேன். பார்த்தவர்கள் பாம்பு பிடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

முதல் உருப்படியான படம் குழிநரி. வீட்டுப் பின்சுவர் ஓரம், பனைமட்டை நிழலில், புனல் மாதிரி குழி பறித்து உட்கார்ந்திருக்குமே, சின்ன வயதில் துரும்பு விட்டு ஏமாற்றுவோமே, அதேதான். நாலு விரல் தூரத்தில் லென்ஸ். என் நிழலே குழியை மூடியது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பிரயோஜனம் இல்லை, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டித்தான் பிடிக்க வேண்டும். கூர்மையாக விழுவது அரை மில்லிமீட்டர்தான். மூச்சு விட்டால் போச்சு. நூறு படத்தில் ஒன்று தேறியது. இரண்டு தாடையும் அரிவாள் மாதிரி வளைந்து, உட்பக்கம் முள் முள்ளாக, அதில் ஒரு முள்ளில் மணல் ஒட்டியிருக்கிறது. இந்தப் பூச்சியைத்தான் நாம் தீப்பெட்டியில் வைத்து விளையாடினோம் என்று நினைத்தால் இப்போது கை கூசுகிறது.

கடற்கரைக்கு எடுத்துப் போனது என் முட்டாள்தனம். கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் வளையம் மாற்றினேன். மரையில் மணல் ஏறி, திருகும்போது நறநறவென்றது. அக்கா குழந்தைக்கு மூக்குச்சளி எடுக்கிற ரப்பர் பல்பை வைத்து ஒரு ராத்திரி முழுக்க ஊதினேன். நீ எடுப்பதாக இருந்தால் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பு.

இன்னொரு படம் இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்பவில்லை, உனக்கும் அனுப்பப் போவதில்லை. எழுத மட்டும் செய்கிறேன்.

அம்மா இன்னும் கடலில் பாசி எடுக்கப் போகிறாள். எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. போன மாதம் ரேஷன் கடையில் கைரேகை மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. நாலு தடவை துடைத்துத் துடைத்து வைத்தாளாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, வெறும் பையோடு வந்துவிட்டாள். மெஷின் கோளாறு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் சாயங்காலம் சும்மா, "கையைக் காட்டும்மா" என்று கட்டைவிரலைப் படம் எடுத்தேன். ஓரத்தில் நாலைந்து வரி ஆரம்பிக்கிறது. நடுவுக்கு வருவதற்குள் தேய்ந்து வழவழவென்று போய்விட்டது. குறுக்கே மூன்று வெட்டு. ஒரு வெட்டின் உள்ளே உப்புப் பூத்திருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிடுங்கும்போது விரலில் துணி சுற்றிக்கொள்கிறாள்தான். துணி எவ்வளவு நேரம் தாங்கும்?

கேமராத் திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுக்காடா இவ்வளவு கிட்ட வந்த?" என்றாள். எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

கார்டில் என் பெயரும் இருப்பதால் இப்போது ரேஷனுக்கு நான்தான் போகிறேன். என் விரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்கிறது.

சரி, அதை விடு. பொங்கலுக்கு வருவாய்தானே? விடியற்காலையில் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குப் போவோம். பனி ஈரத்தில் தட்டான்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. உன்னிடம் பழைய ஃப்ளாஷ் ஒன்று சும்மா கிடக்குமே, அதையும் எடுத்து வா. ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் தருகிறேன்.

உன் நண்பன் நம்பு